ஜூலியா சைல்டின் ‘தி பிரெஞ்ச் ஷெஃப்’ பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அடுப்பங்கரை எழுதியது:

மூன்று மாதமாக ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஒரு நாளைக்கு ஒன்று என்று ‘தி பிரெஞ்ச் ஷெஃப்’ என்ற பழைய அமெரிக்கச் சமையல் நிகழ்ச்சியைப் பார்த்து வருகிறேன். இதைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லை, அதனால் இங்கே வந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பாஸ்டனில் டபிள்யூ.ஜி.பி.எச். என்ற கல்வித் தொலைக்காட்சி. 1961இல் ஜூலியா சைல்ட், சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல் என்ற மூன்று பெண்கள் சேர்ந்து அமெரிக்க வீடுகளுக்காகப் பிரெஞ்சுச் சமையல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எழுநூறு பக்கத்துக்கு மேல். அதைப் பற்றிப் பேச ஜூலியாவை ஒரு புத்தக நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது, சும்மா உட்கார்ந்து பேசாமல் ஒரு மின் அடுப்பு கேட்டு வாங்கி, அங்கேயே ஆம்லெட் போட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் இந்த அம்மாவைத் திரும்பக் கூட்டி வாருங்கள் என்று கடிதம் எழுதினார்கள். 1962இல் மாதிரிக்கு மூன்று நிகழ்ச்சிகள் எடுத்தார்கள். 1963 பிப்ரவரி 11ஆம் தேதி தொடர் ஆரம்பமானது, இடையிடையே நின்று 1973 வரை வந்தது. மொத்தம் சுமார் இருநூறு நிகழ்ச்சிகள். முதலில் கறுப்பு வெள்ளை, 1970இலிருந்து வண்ணம்.

முதல் நிகழ்ச்சி பெஃப் பூர்கிஞோன், அதாவது சிவப்பு ஒயினில் மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சி. அந்தக் கறிக்கு அவர் அழுத்திச் சொல்லும் விஷயம் மசாலாவும் இல்லை, அளவும் இல்லை. துண்டுகளைக் காகிதத் துண்டால் ஒற்றி ஈரத்தை எடுங்கள் என்கிறார். ஈரம் இருந்தால் கறி சிவக்காது, ஆவியில் அவிந்துபோகும். காளானும் அப்படித்தான், நெருக்கிப் போட்டால் தண்ணீர் விடும், இடம் விட்டுப் போட்டால் பொன்னிறமாகும். இத்தனை வருடமாக நான் கோழி வறுவல் செய்யும்போது சட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்து அது வற்றுவதற்குள் கறி ரப்பராகிவிடும், அதற்கு அடுப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கறியைத் துணியில் ஒற்றி எடுத்து, மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டேன். அந்த நிறத்தை என் சட்டியில் நான் பார்த்ததே இல்லை.

என்னைக் கேட்டால் இந்த நிகழ்ச்சியின் உயிர் இதில்தான் இருக்கிறது. அவர் சொல்லித்தந்தது பிரெஞ்சுப் பதார்த்தம் என்பதைவிட, ஒவ்வொன்றும் ஏன் அப்படி நடக்கிறது என்பதை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

பழைய_திரை எழுதியது:

நானும் அந்தக் காலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேடிப் பார்க்கிறவன். ஆனால் இவரை எல்லோரும் முன்னோடி முன்னோடி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. லண்டனில் பிபிசி 1937லேயே மார்செல் பூலெஸ்தான் என்ற பிரெஞ்சுக்காரரை வைத்து சமையல் நிகழ்ச்சி நடத்தியது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்ட் 1946இல் வந்துவிட்டார். டயோன் லூகஸ் 1940களின் கடைசியிலேயே தொலைக்காட்சியில் பிரெஞ்சு முறையில் சமைத்துக் காட்டினார், அவருடைய ஆம்லெட்டும் பேர் போனது. பிரான்ஸில் ரேமோன் ஒலிவியே 1954இலேயே தொடங்கிவிட்டார். இவர்கள் பேரையெல்லாம் இன்று யாரும் சொல்வதில்லை. கடைசியில் வந்தவருக்கு முதல் இடம் கொடுப்பது அநியாயமாகத் தெரிகிறது.

---

அடுப்பங்கரை எழுதியது:

நியாயம்தான், முதல் ஆள் அவர் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1937இல் பிபிசியைப் பார்க்க லண்டனைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகளில்தான் பெட்டி இருந்தது, 1946இல் அமெரிக்காவிலும் அதே கதை. 1963இல் அங்கே பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சி வந்துவிட்டது. வெள்ளை மாளிகையில் கென்னடி குடும்பம் ரெனே வெர்தோன் என்ற பிரெஞ்சு சமையல்காரரை வைத்திருந்த நேரம், பிரெஞ்சுச் சாப்பாடு என்றால் ஜனங்களுக்கு ஓர் ஆசை இருந்தது. ஆனால் வீட்டு அலமாரியில் இருந்தது டப்பா சூப்பும் உறைபெட்டி உணவும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஜூலியா வந்து நின்றார்.

இன்னொன்று, அது விளம்பரம் இல்லாத கல்வித் தொலைக்காட்சி. எந்தப் பொருளுக்கும் அவர் விளம்பரம் செய்யவில்லை, கடைசிவரை மறுத்துவிட்டார். அதனால் இந்த வெண்ணெயை வாங்கு, அந்த அடுப்பை வாங்கு என்று யாருக்காகவும் பேச வேண்டியிருக்கவில்லை.

---

குசினிக்காரன்_18 எழுதியது:

வணக்கம். நான் பாரிஸில் இருபத்திரண்டு வருடமாக உணவகக் குசினியில் நிற்கிறேன். பிறந்த ஊர் யாழ்ப்பாணம். இங்கே எத்தனையோ உணவகங்களின் பின்கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே எங்கட பெடியள்தான் நிற்பார்கள். அதனால் இதில் நானும் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இந்த அம்மா பிரெஞ்சும் இல்லை, ஷெஃப்பும் இல்லை என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அது உண்மை. கலிபோர்னியாவில் பாசடீனாவில் பிறந்தவர், உணவகக் குசினி எதையும் நடத்தியதில்லை. அந்தத் தலைப்பே, செய்தித்தாளின் நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரு வரிக்குள் அடங்க வேண்டும் என்று வைத்ததுதான். அவர் தன்னைச் சமைக்கிறவள் என்றுதான் சொல்லிக்கொண்டார். ஆனால் 1949இல் பாரிஸில் கார்டன் ப்ளூ என்ற சமையல் பள்ளியில் மாக்ஸ் புஞ்ஞார் என்ற பழைய கையிடம் படித்தவர். அந்தப் படிப்பு கையில் தெரிகிறது. கத்தியை எப்படிப் பிடிக்கிறார், வெங்காயத்தை வெட்டும்போது இடது கை விரல் நுனியை எப்படி உள்ளே மடிக்கிறார் என்று பாருங்கள். அது சும்மா வராது.

அந்த ஆம்லெட்டைப் பற்றிச் சொல்கிறேன். நான் இங்கே வந்த புதிதில் ஒரு முதலாளி என்னை மூன்று நாள் ஆம்லெட் மட்டும் போட வைத்தார். போட்டதெல்லாம் குப்பைக்குப் போனது, ஏன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. பிரெஞ்சு எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம். பல வருடம் கழித்து ஜூலியாவின் ஆம்லெட் நிகழ்ச்சியைப் பார்த்தேன். வெண்ணெய் நுரைத்து, நுரை அடங்கி, நிறம் மாறப் போகிற அந்த நொடியில்தான் முட்டையை ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஊற்றினால் ஒட்டும், தாண்டினால் கருகல் வாசம். ஊற்றி இரண்டு மூன்று விநாடி சும்மா விட வேண்டும். பிறகு சட்டியைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுக்க வேண்டும், திரும்பத் திரும்ப. முட்டை போய் எதிர் விளிம்பில் மோதித் தானே சுருளும். கரண்டியே வேண்டாம். முழு வேலைக்கும் அரை நிமிடம் போதும். எனக்கு மூன்று நாள் யாரும் சொல்லாததை அந்த அம்மா வீட்டில் இருக்கிற பெண்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

---

தோசைக்கல் எழுதியது:

குசினிக்காரன் அண்ணா, நீங்கள் எழுதியதை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நாங்கள் சைவம், முட்டை மட்டும் உண்டு. அதனால் இந்த நிகழ்ச்சியில் எனக்கென்ன என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு உருளைக்கிழங்கு நிகழ்ச்சி கண்ணில் பட்டது. மசித்த கிழங்கைச் சட்டியில் அடைபோல் தட்டி, அப்படியே மேலே தூக்கிப் போட்டுத் திருப்பப் பார்க்கிறார். திருப்பும்போது துணிச்சல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தூக்குகிறார், பாதி அடுப்புமேல் விழுந்துவிடுகிறது. எனக்கு நெஞ்சு திக்கென்றது, இத்தனை பேர் பார்க்க இப்படி ஆகிவிட்டதே என்று. அவரோ சிதறியதை எடுத்துச் சட்டியில் சேர்த்து அழுத்திவிட்டு, நான் போதுமான துணிச்சலோடு திருப்பவில்லை, அதான் விழுந்தது என்று காரணத்தைச் சொல்கிறார். சமையல்கட்டில் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்கிறார்.

முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால் நான் அதை அவசரமாகச் சுரண்டி ஒளித்துவிடுவேன், மாமியார் வந்து பார்ப்பதற்குள். கல்யாணமான புதிதில் ஏற்பட்ட பயம் அது, இன்னும் போகவில்லை. அதனால் அந்த ஒரு காட்சி எனக்குப் போதும்.

---

மீன்முள் எழுதியது:

அவர் ஒரு தடவை முழுக் கோழியைத் தரையில் போட்டுவிட்டு எடுத்துத் துடைத்துப் பரிமாறினார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் இதே நிகழ்ச்சியா? குடித்துக்கொண்டே சமைப்பார் என்றும் சொல்கிறார்களே.

---

பழைய_திரை எழுதியது:

இரண்டும் கட்டுக்கதை. விழுந்தது தோசைக்கல் சொன்ன கிழங்கு மட்டும்தான், அதுவும் அடுப்புமேல். வாய்க்கு வாய் அது கோழியாகி, வான்கோழியாகி, தரைக்கும் வந்துவிட்டது. கடைசியில் மேசையில் உட்கார்ந்து அவர் தூக்கும் கிண்ணத்தில் இருந்ததும் ஒயின் இல்லை, குழம்புக்கு நிறம் ஏற்றும் திரவத்தைத் தண்ணீரில் கலந்தது. அவர்களிடம் காசு அவ்வளவுதான். 1961இல் நிலையத்தின் கட்டடமே தீப்பிடித்து எரிந்துபோனது. மாதிரி நிகழ்ச்சிகளை எரிவாயு நிறுவனம் ஒன்றின் அரங்கத்திலும், தொடரை கேம்பிரிட்ஜில் மின்சார நிறுவனத்தின் செயல்விளக்கச் சமையலறையிலும் எடுத்தார்கள். இரண்டே கேமரா.

கோழி என்றதும் ஞாபகம் வருகிறது, வண்ணத்தில் வந்த கோழி வாட்டும் நிகழ்ச்சியைக் கட்டாயம் பாருங்கள். குஞ்சிலிருந்து கிழட்டுக் கோழிவரை ஆறு கோழிகளை வரிசையாக உட்காரவைத்து, அழகிப் போட்டிக்கு வந்த அக்கா தங்கைகள் மாதிரி ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துகிறார். எந்த வயதுக் கோழியை வாட்டலாம், எதைக் குழம்பில்தான் போட வேண்டும் என்பது அதற்குப் பிறகு மறக்கவே மறக்காது.

நான் முதலில் போட்ட பதிவில் கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன். லூகஸை மறந்தது தவறு என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஜூலியா செய்தது வேறு வேலை என்று இப்போது படுகிறது.

---

ஞாயிற்றுக்கிழமை எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

இவர் நிகழ்ச்சி தொடங்கிய எட்டாவது நாள், 1963 பிப்ரவரி 19, பெட்டி ஃபிரீடனின் புத்தகம் வெளியானது. படித்த பெண்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து புழுங்குகிறார்கள் என்று சொன்ன புத்தகம். அதே நேரத்தில், அதே படித்த பெண்களிடம் கறியை மூன்று மணி நேரம் வேகவை, வெங்காயத்தை ஒரு மணி நேரம் வதக்கு என்று ஒருவர் சொல்கிறார். உறைபெட்டி உணவு கெட்டதென்று இன்று எல்லோரும் சொல்லலாம், ஆனால் அது ஒரு பெண்ணுக்குத் தினம் இரண்டு மணி நேரம் மிச்சப்படுத்திக் கொடுத்தது. என் அம்மா ஆசிரியை. காலையில் நான்கரைக்கு எழுந்து, ஆறு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு ஏழு மணிப் பேருந்தைப் பிடிப்பார். சமையல் ஆனந்தம் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

---

அடுப்பங்கரை எழுதியது:

இந்தக் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நேற்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் அம்மாவுக்கு இருந்த கஷ்டத்தை ஜூலியா தீர்க்கவில்லை, அது உண்மை. ஆனால் அவர் சமையலைப் பெண்ணின் கடமை என்று சொல்லி நான் கேட்டதில்லை. முப்பத்தாறு வயதுக்குப் பிறகுதான் அவர் ஒழுங்காகச் சமைக்கவே கற்றுக்கொண்டார். அதை ஒரு தொழிலாக, படிப்பாக எடுத்துக்கொண்டார். ஒரு பதார்த்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்து குறிப்பெடுத்தார். இரண்டாவது புத்தகத்தில் பிரெஞ்சு ரொட்டிக்கு மட்டும் 284 பவுண்டு மாவு செலவானது. ரேமோன் கால்வெல் என்ற ரொட்டிப் பேராசிரியரிடம் போய்க் கற்றுக்கொண்ட பிறகுதான் அது கைவந்தது. படப்பிடிப்பில் பாத்திரம் கழுவியது யார் தெரியுமா? அவருடைய கணவர் பால் சைல்ட். அயலுறவுத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவிக்காகச் சாமான் சுமந்தார், காய் நறுக்கினார், அட்டை எழுதிக் காட்டினார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கணவரைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, திரைக்கு முன்னால் ஐம்பது வயதில், ஆறடி இரண்டு அங்குல உயரத்தில் ஒரு பெண் தன் வேலையைத் தெரிந்தவராக நிற்கிறார். ஒப்பனைக்கும் உடைக்கும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

அதற்காக மூன்று மணி நேரக் கறியை வேலை நாளில் செய்யச் சொல்ல மாட்டேன். நான் செய்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

---

பேராதனைப்_பாலம் எழுதியது:

இங்கே யாரும் கண்டியைப் பற்றிச் சொல்லவில்லையே! ஜூலியாவும் பாலும் முதன்முதலில் சந்தித்ததே எங்கள் கண்டியில்தான். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இருந்தது. அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். கண்டியில் ஒரு பிரிவு வைத்திருந்தது. 1944இல் அங்கே ரகசியக் கோப்புகளின் பதிவகத்தைக் கவனிக்க வந்தவர் ஜூலியா, அப்போது பெயர் ஜூலியா மெக்வில்லியம்ஸ். பால் வரைபடமும் காட்சிப் படமும் தயாரித்துக்கொண்டிருந்தார். பாலுக்கு அவரைவிடப் பத்து வயது அதிகம், நல்ல சாப்பாடு தெரிந்தவர். இருவரும் பிறகு சீனாவுக்குப் போய், 1946இல் திருமணம் செய்துகொண்டார்கள். 1948இல் பாலுக்குப் பாரிஸில் வேலை கிடைத்தது. போகிற வழியில் ரூவான் நகரத்தில் வெண்ணெயில் பொரித்த சோல் மீன் சாப்பிட்டதைத்தான் தன் வாழ்க்கையை மாற்றிய சாப்பாடு என்று ஜூலியா கடைசிவரை சொன்னார்.

நான் பூங்காவைச் சுற்றி நடக்கிற ஆள். அந்தப் பெரிய அத்தி மரத்தைக் கடக்கும்போதெல்லாம், கோப்புகளோடு மல்லுக்கட்டிய ஓர் உயரமான பெண் இந்தப் பக்கம் நடந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

---

ஒலியற்ற_வீடு எழுதியது:

என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. 1972இல் அமெரிக்கா முழுக்க எழுத்து வரிகளோடு ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி இந்த ‘பிரெஞ்ச் ஷெஃப்’தான். காது கேளாதவர்களுக்காகத் திரையிலேயே எழுதிக் காட்டினார்கள். சமையல் கைவேலை, பார்த்தால் போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அடுப்பங்கரை முதல் பதிவில் சொன்ன அந்த ‘ஏன்’ காதில்தானே விழுகிறது. அது அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

---

தோசைக்கல் எழுதியது:

இத்தனையும் படித்த பிறகு நேற்று ஆம்லெட் போட்டேன். எங்கள் வீட்டில் ஆம்லெட் என்றால் வெங்காயம், பச்சை மிளகாய், நன்றாகச் சிவக்க வேண்டும். முதல் தடவையாக வெறும் இரண்டு முட்டை, உப்பு, மிளகு, வெண்ணெய். அண்ணா சொன்ன மாதிரி நுரை அடங்கக் காத்திருந்து ஊற்றினேன். இழுத்தேன், சுருளவில்லை, பாதி சட்டிக்கு வெளியே போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சுருண்டது, ஆனால் அடியில் ஒரு பக்கம் சிவந்துவிட்டது. உள்ளே மட்டும் கஸ்டர்ட் மாதிரி மெத்தென்று இருந்தது. என் மகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இது என்னம்மா வேறு ருசி என்றாள்.

ஒரு சந்தேகம். புத்தகத்தில் கேட்கிற அந்தக் குட்டி வெங்காயம் நம்ம சின்ன வெங்காயம்தானா? அவருடைய வெங்காய சூப்புக்கும் அதைப் போடலாமா?

---

குசினிக்காரன்_18 எழுதியது:

தங்கச்சி, மூன்றாவதிலேயே சுருண்டதா! எனக்கு ஒரு கிழமை போனது.

சிவந்ததற்குக் காரணம் சூடு இல்லை, ஊற்றிய பிறகு அதிக நேரம் விட்டிருப்பீர்கள். வாய்க்குள் இரண்டு எண்ணிவிட்டு இழுக்கத் தொடங்குங்கள். சட்டியின் அடி ஏழு அங்குலத்துக்கு மேல் இருந்தால் இரண்டு முட்டைக்கு அது பெரிது, பரவிக் காய்ந்துவிடும். இழுக்கும்போது கை நடுங்கக் கூடாது, பாதி இழுத்து நிறுத்தினால்தான் வெளியே சிந்தும்.

வெங்காயம் கிட்டத்தட்ட அதுதான். பிரெஞ்சு எஷலோத் கொஞ்சம் நீளமாக, காரம் குறைவாக இருக்கும், ஆனால் நம்ம சின்ன வெங்காயம் நன்றாகவே ஒத்துப்போகும். அந்தக் காலத்து அமெரிக்கக் கடைகளில் அது லேசில் கிடைக்காது, அதனால் வெங்காயத் தாளின் வெள்ளைப் பகுதியைப் போடலாம் என்று புத்தகத்திலேயே எழுதினார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் சூப்புக்குச் சின்ன வெங்காயம் வேண்டாம், உரித்து மாளாது. பெரிய வெங்காயத்தையே மெல்லிசாக அரிந்து, வெண்ணெயில் முதலில் மூடி வைத்து வதக்குங்கள். பிறகு மூடியை எடுத்து உப்பும் ஒரு சிட்டிகை சீனியும் போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் கிளறிக்கொண்டே இருங்கள். தேன் நிறம் வந்ததும் ஆசைப்பட்டு இறக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் போக வேண்டும், பனங்கட்டி நிறம் வர வேண்டும். மேலே போட பழைய பாண், அதாவது ரொட்டி, இருந்தால் போதும்.

போட்டுப் பார்த்துவிட்டு என்ன நிறத்தில் இறக்கினீர்கள் என்று எழுதுங்கள்.